சதுரமாக அழுகிய காட்டெருமை

டாக்டர் ராமபத்ரனுக்கு எண்பது வயது நிறைகிறதாம். ஆய்வுக்கூடத்தில் விழா எடுத்து மலர் ஒன்று வெளியிடப் போகிறார்களாம். பூஞ்சைப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் ஜிஷா போன் பண்ணிச் சொன்னாள்.

"சேச்சி, சார்கூட ஒருபாடு காலம் வேலை செஞ்சது நீங்கதானே? மலருக்கு ஒரு ஓர்மைக் கட்டுரை வேணும், பழைய நினைவெல்லாம் வர்ற மாதிரி. தமிழ்லயே எழுதுங்க. எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அம்மா வாசிச்சுத் தருவாங்க, நான் மலையாளத்துல ஆக்கிக்கறேன். அட்டைப்படம் என்னன்னு தெரியுமா? சாரோட சவக்கூண்!"

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான்தான் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். மலையாளத்தில் கூண் என்றால் காளான். காட்டில் மிருகம் செத்து அழுகிய மண்ணில் முளைக்கும் காளானுக்கு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயர் சவக்கூண். அதை அட்டையில் அச்சடிக்கப் போகிறவர்களுக்கு, அந்தக் காளானைச் சாட்சியாக வைத்து ஒரு மனிதரை ஜெயிலில் போட்ட கதை தெரியாது. தெரிந்தவர்களில் ஒருவர் விழா நாயகர். அவர் சொல்லப் போவதில்லை. எனவே நான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் ஜிஷாவின் பாடு.

நான் மட்டாஞ்சேரிக்காரி. அப்பா பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனில் எடை போடுகிறவராக இருந்தார். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் மூட்டைகளில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் பூத்துவிடும். முதலாளி அப்பாவைத் திட்டுவார், அப்பா வீட்டுக்கு வந்து மழையைத் திட்டுவார். காலேஜில் அதே பூஞ்சணத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இவ்வளவு அழகான ஒன்றையா இத்தனை வருஷம் திட்டினார்கள் என்று இருந்தது. பாட்டனியில் பி.எஸ்ஸி. முடித்தேன், பரீட்சை எழுதினேன், தேவராவில் வாடகைக் கட்டடத்தில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வேலையில் கற்றுக்கொண்டது.

எங்கள் பிரிவின் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் என் பக்கத்தில் இலை போட்டு உட்கார யோசித்தவர்களும் உண்டு. கிழக்கே மலைக்காட்டில் மிளா மானோ யானையோ காட்டெருமையோ செத்துக் கிடந்தால் வனத்துறையிலிருந்து தகவல் வரும். உடனே கிளம்பிப் போக வேண்டியதில்லை. புழுவும் பன்றியும் செந்நாயும் தின்று முடித்து, எல்லாம் கலைந்து போன பிறகுதான் எங்கள் பூஞ்சைகளின் முறை வரும்.

முதலில் மண்ணில் அமோனியா வாடை ஏறும். சுற்றியிருக்கும் செடிகள் கருகும். சில வாரங்களில் சருகின்மேல் செங்கல்பொடி தூவியதுபோல ஒரு பூஞ்சணம் படரும். அடுத்து கடுகளவு கிண்ணங்கள். அடுத்து சாம்பல் நிறத்தில் மெலிந்த குடைகள். காலையில் விரிந்தால் சாயங்காலத்துக்குள் கறுப்பு மையாக உருகி வடிந்துவிடும். இதெல்லாம் அடங்கி, அடுத்த மழைக்காலத்தில், மரவேர்களோடு உறவு வைத்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் தடித்த குடைகள் கூட்டமாகக் கிளம்பும். அவைதான் சவக்கூண். கொம்புக்கும் குளம்புக்கும் தனி ஆள் உண்டு. குண்டூசித் தலை அளவில் வெள்ளையாக இருக்கும், வேறு எதையும் தொடாது. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. அலுவலகத்தில் சீனியாரிட்டி வரிசை மாறியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரோமமும் கொம்பும் தின்னும் பூஞ்சைகளை மண்ணிலிருந்து பிடிக்க எங்களிடம் ஒரு தூண்டில் இருந்தது. மனிதர்களின் தலைமுடிதான் அது. எங்கள் தெருமுனை சலூனில் ஹம்சாக்காவிடம் வெட்டிய முடியைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். "மந்திரவாதம் ஒண்ணும் இல்லையே மோளே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். டை அடித்த முடி உதவாது என்பதால் அவர் எனக்காக நரைத்த தலைகளைத் தனியாகக் கூட்டி வைப்பார். அதைச் சோப்பில் அலசி, ஈதரில் எண்ணெய் போக்கி, பொடியாக நறுக்கி, கிருமி போக ஆட்டோகிளேவில் வேகவைத்து எடுக்க வேண்டும். பெட்ரி தட்டில் காட்டுமண்ணைப் பரப்பி, ஈரமாக்கி, மேலே அந்த முடியைத் தூவி மூடி வைக்க வேண்டும். ஈரம்தான் சூட்சுமம். விரலால் அமுக்கினால் மண் பளபளக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் சில வாரங்களில் முடியின்மேல் வெள்ளை நூல் ஓடும்.

அந்த விரல் அமுக்கும் பதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ராமபத்ரன். பாலக்காட்டுக்காரர், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். மழைக்காட்டுக்குள் போனாலும் அவருடைய வெள்ளைச் சட்டையில் சேறு ஒட்டாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காளானைக் கையில் எடுத்தால் முதலில் மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு பெயரைச் சொல்வார், பிசகாது. அந்த மூக்கின்மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. மனிதர்மீதுதான் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம். முக்கியமான எதையும் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல மாட்டார், எழுதியும் தர மாட்டார். கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வார். தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் போய் நிற்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். சுத்தம் பார்க்கிற மனிதர் என்று நாங்கள் எல்லோரும் அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

யூரியா விஷயமும் அந்தக் குழாயடியில்தான் வந்தது.

"கோமதி, மிருகம் எப்போ சாகும், எங்கே சாகும்னு காத்துண்டிருந்தா நம்ம ஆயுசு போறாது, கேட்டயா. யூரியா போட்டா போரும். மண்ணுக்கு வித்யாசம் தெரியாது. பொணம்னு நெனச்சுண்டு அதே கூணை மொளைக்க வைக்கும். வெளிநாட்டுல எல்லாரும் இப்படியாக்கும் பண்றா."

அவர் சொன்னது உண்மைதான். சவக்கூண் பிணத்தைத் தேடி வருவதில்லை, பிணத்திலிருந்து இறங்கும் அமோனியாவைத் தேடித்தான் வருகிறது. வயலில் போடும் யூரியாவைக் காட்டில் கொட்டினாலும் அதே வரிசையில் முளைக்கும்.

"ஃபாரஸ்ட் பெர்மிஷன், சார்?" என்று கேட்டேன். செத்த மிருகங்களைப் பார்க்கவும் மண் எடுக்கவும் மட்டும்தான் எங்களுக்கு அனுமதி. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் உரம் கொட்டுவது குற்றம்.

"ஒரு சாக்கு உரத்துக்கு யாரும் பெர்மிஷன் கேக்க மாட்டா" என்று சொல்லிக் குழாயை மூடினார்.

ஏலூர் உரக் கம்பெனி பக்கமிருந்து யூரியா மூட்டை வந்தது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அதைத் தலையில் சுமந்து மேலே ஏற்றியவர் தங்கய்யா. அவருடைய அப்பா காலத்திலேயே ஏலத்தோட்ட வேலைக்காகத் தேனிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். தங்கய்யா தினக்கூலி வாட்சர். காட்டுக்குள் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் தங்கிக் காவல் பார்த்தார். அட்டைக்கடிக்குப் பயந்து டாக்டர் அதற்குமேல் நடக்க விரும்பாததால், ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்திலேயே இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

குச்சி நட்டுக் கயிறு கட்டியது நான். "சதுரம் சதுரமா இருக்கணும், கோணினா எல்லாம் கோணும்" என்று டாக்டர் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டச் சொன்னார். தங்கய்யா மூட்டையின்மேல் உட்கார்ந்து பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "என்ன மேடம், வூடு கட்டப் போறீங்களா? எனக்கும் ஒரு ரூமு போடுங்க" என்று கேலி செய்தார். கயிற்றுக்கு உள்ளே, ஓரம் தாண்டாமல், யூரியாவைத் தூவினோம். மண்ணில் விழுந்து ஈரத்தில் கரைந்தது. கயிற்றையும் குச்சியையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் முழுக்கச் சவக்கூண். விளிம்பு வெட்டினாற்போல் நேராக நின்றது. டாக்டர் சின்னப் பிள்ளையாட்டம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். நானும் சந்தோஷப்பட்டேன். இத்தனை காலம் எங்கேயோ அழுகிக் கிடந்ததன் பின்னால் அலைந்தவர்கள், முதன்முறையாக நாங்கள் கூப்பிட்டு அது வந்திருக்கிறதே என்ற சந்தோஷம். அன்றைக்கு எடுத்த படம்தான் இப்போது மலரின் அட்டை. ஒரு கொத்தை மட்டும் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஜிஷா அனுப்பிய மாதிரியைப் பார்த்தபோது தெரிந்தது.

கோடையில் வனத்துறை அதிகாரிகளுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. டாக்டர் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். வனத்துறைக்காரர்கள் முன்னால் யூரியா என்று எப்படிச் சொல்வார்? "இதன் அடியில் ஒரு காட்டெருமை அழுகியது" என்றார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் வரும் என்று தெரிந்தால் அவரால் நிறுத்த முடியாது. "வேட்டைக்காரன் உடலைப் புதைத்துவிடலாம், எலும்பைக்கூட எடுத்துவிடலாம். காளானை என்ன செய்வான்? இதைக் கண்டால் தோண்டுங்கள். மண் பொய் சொல்லாது" என்றார். நன்றாகக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான் தட்டவில்லை.

அடுத்த மழையில் அந்த மலையின் கீழே ஓடையில் ஒரு காட்டெருமைத் தலை ஒதுங்கியது. தலை மட்டும்தான். கறி எங்கேயோ விற்றுப் போய்விட்டது. யாரோ உள்ளூர் ஆள் உதவியில்லாமல் இது நடந்திருக்காது என்று விசாரணை தொடங்கியது. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த இளம் ரேஞ்ச் ஆபீஸர் ஒருவர் காட்டை அலசிக்கொண்டு போனபோது, வாட்சர் ஷெட்டுக்குப் பின்னால் சவக்கூண் கூட்டமாக முளைத்திருப்பதைப் பார்த்தார். யூரியாவின் வேகம் அந்த இரண்டாம் மழைக்கும் தீரவில்லை. படிப்பித்தபடி தோண்டினார். எலும்பு இல்லை, அமோனியா வாடை மட்டும் இருந்தது. போன வருஷமே ஒன்றைக் கொன்று மிச்சத்தை இங்கே புதைத்து, பிறகு எலும்பை எடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். தங்கய்யாவைப் பிடித்தார்கள்.

"அது டாக்டர் சார் உரம் போட்ட எடம்" என்று தங்கய்யா சொல்லியிருக்கிறார். அடி விழுந்தது. மறுபடி சொன்னார், மறுபடி விழுந்தது. கடைசியில் நிபுணர் கருத்து வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். டாக்டரும் நானும் போனோம்.  டாக்டர் உண்மையைச் சொல்லிவிடுவார், ஒரு விளக்கம் கேட்பார்கள், அதோடு போய்விடும் என்று நான் நம்பிக்கொண்டு போனேன்.

நடுவில் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆனால் ஓரங்கள் அப்படியே இருந்தன. ஒரு பக்கம் மழைத் தண்ணீர் ஓடிக் கலைந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் நான் கட்டிய கயிறு இன்னும் அங்கேயே இருப்பதுபோல் நேர்க்கோட்டில் காளான்கள் நின்றன. தங்கய்யாவை இரண்டு ஃபாரஸ்ட் கார்டுகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

"மேடம், நீங்களே சொல்லுங்க மேடம். மூட்டை நாந்தானே சொமந்தேன்? சாருதானே நிக்க வச்சுச் சதுரம் கட்டச் சொன்னாரு?"

டாக்டர் குனிந்து ஒரு காளானைப் பிடுங்கி மோந்து பார்த்தார். நேராக இருந்த ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆபீஸரிடம் திரும்பி மலையாளத்தில், பெரிய மிருகம் அழுகிய இடத்துக்கு உண்டான எல்லா லட்சணமும் இங்கே இருக்கிறது என்றார்.

என் காதையே நம்ப முடியவில்லை. "சார், இது நம்ம யூரியா போட்ட இடம்" என்று சத்தமாகவே சொன்னேன். ஆபீஸரிடமும் மலையாளத்தில் சொன்னேன். "பாருங்க சார், ஓரம் எப்படி நிக்குதுன்னு. மிருகம் அழுகினா நீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், கோணல்மாணலாத்தான் கூண் வரும். சதுரமா ஒரு மிருகமும் அழுகாது."

டாக்டர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "கோமதிக்கு எடம் மாறிப்போச்சு. காடெல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும், பாவம். நாங்க மண்ணெடுத்த எடம் ஓடைக்கு அந்தப் பக்கமாக்கும்" என்றார். யூரியா என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை. ஆபீஸர் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் பார்த்தார். பயிற்சி வகுப்பில் பேசியவர் யார், புரொஜெக்டர் பக்கத்தில் நின்றவள் யார் என்று அவருக்குத் தெரியும். மண்ணை அள்ளிப் பையில் போட்டு அரக்கு வைத்து டாக்டரிடம் ஒப்படைத்தார். கார்டுகள் தங்கய்யாவைக் கீழே நடத்திக்கொண்டு போனார்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த அந்த மண்ணை டாக்டர் தொடுவதற்கு முன் நான் அரக்கை உடைத்துச் சலித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மண் சலிக்கிற வேலை அவசரத்துக்கு ஆகாது. பெரிய கண், சின்னக் கண் என்று பித்தளைச் சல்லடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு, தண்ணீரை மெல்ல விட்டு, கையால் தேய்க்காமல் பிரஷ்ஷால் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காட்டெருமை அழுகிய இடம் என்றால் கறுத்த ரோமம் கத்தையாக வரும். ஈப்புழுக்கள் கூடு கட்டிவிட்டுப் பறந்துபோன வெற்று ஓடுகள் சீரகம் சிந்தியதுபோல் கிடைக்கும். எலும்பைப் பொறுக்கலாம், அவற்றை யாராலும் பொறுக்க முடியாது. செத்த எலிக்கு அடியில்கூட நான் அந்த ஓடுகளைப் பார்த்திருக்கிறேன். இந்த மண்ணில் ஒன்றுகூட இல்லை. ஒரு ரோமம் இல்லை. கழுவிக் கழுவிக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

தட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கை கழுவும் தொட்டிக்குப் போனார். குழாயைத் திறந்தார்.

"சார், ஒரு ஈயோட கூடுகூட இல்ல."

"உன்னை யாரு சலிக்கச் சொன்னா?"

"உள்ள கிடக்கறது தங்கய்யா, சார். நமக்காக மூட்டை சுமந்த ஆளு. அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க."

"கோமதி, ஒரு வாட்சருக்கு இந்த வேலை போனா வேற ஒண்ணு கிடைக்கும். நான் போனா இந்த டிப்பார்ட்மென்ட் உண்டோ? நீ உண்டோ? நன்னா ஆலோசிச்சுப் பாரு. அதைக் கொட்டிடு."

கையைத் துடைக்கும்போது ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தொட்டியின் உபயோகம் முழுசாகப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. இந்த மனிதரைப் பற்றி வீட்டில் எத்தனை பெருமை பேசியிருப்பேன்!

தங்கய்யாவுக்கு ஜாமீன் கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அவருடைய வக்கீல் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் கோர்ட்டுக்குப் போவதற்குள் எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் காட்டில் உரம் கொட்டியதாகவும், மேலதிகாரிக்குத் தெரியாமல் அரக்கை உடைத்ததாகவும் என்மேல் குற்றச்சாட்டு. கவனியுங்கள், காட்டில் உரம் கொட்டியது ஆய்வுக்கூடத்துக்கு உள்ளே உண்மையாகிவிட்டது. ஆனால் கொட்டியது நான் மட்டும், அதுவும் ஓடைக்கு அந்தப் பக்கம். தங்கய்யா இருக்கிற பக்கத்தில் மட்டும் காட்டெருமைதான்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் டாக்டரேட் வாங்கியவரா?"

"இல்லை."

"டாக்டர் ராமபத்ரன் வாங்கியவர். அப்படியிருக்க அவர் சொல்வது தவறு, நீங்கள் சொல்வது சரி. அப்படித்தானே?"

"காட்டெருமை சதுரமா அழுகாது, சார்" என்றேன்.

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த சாட்சியம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது. தங்கய்யா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விடுதலையானார். ஏன் என்று நினைக்கிறீர்கள்? மண் பொட்டலத்தின் அரக்கு உடைந்திருந்தது, எனவே அந்தச் சான்றை ஏற்க முடியாது என்று தீர்ப்பு. நான் சொன்ன உண்மைக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை, நான் முறைதவறி உடைத்த அரக்குதான் அவரைக் காப்பாற்றியது. யூரியா என்றோ சதுரம் என்றோ தீர்ப்பில் ஒரு சொல் கிடையாது. அவர் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. நிரூபிக்க முடியவில்லை என்றுதான் சொன்னார்கள். அந்தச் சந்தேகம் அவரோடு வீட்டுக்கு வந்தது. தினக்கூலி ஆளை வேலையிலிருந்து நீக்க உத்தரவு ஒன்றும் தேவையில்லை, காலையில் பெயர் கூப்பிடாமல் விட்டால் போதும். விட்டுவிட்டார்கள்.

என்னைச் சிப்பிக்காளான் பிரிவுக்கு மாற்றினார்கள். ரிட்டையர் ஆகும்வரை வைக்கோலை வேகவைத்து பாலிதீன் பையில் திணித்து, குடும்பத்தலைவிகளுக்குக் காளான் வளர்க்கக் கற்றுக்கொடுத்தேன். அது கேவலமான வேலை இல்லை. பிடித்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு கொடுத்தது என்பதுதான் கேவலம். எனக்குப் பிறகு வந்தவர்கள் எனக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். டாக்டர் இயக்குநர் ஆனார், விருது வாங்கினார். அதற்கப்புறம் ஒரு கல்யாணத்தில் எதிரே வந்து, "கோமதி, சௌக்யமா? மெலிஞ்சு போயிட்டயே" என்று விசாரித்தார். மனிதருக்கு நிஜமாகவே உறுத்தல் இல்லை. உறுத்தல் இருந்தால்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன்.

இப்போது சவக்கூணை மோந்து பார்க்க மூக்கு வேண்டாமாம், ஒரு சிட்டிகை மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் என்னென்ன பூஞ்சை என்று மெஷின் சொல்லிவிடும் என்றாள் ஜிஷா. நல்லதுதான். மண் யூரியாவைச் சாப்பிட்டதா பிணத்தைச் சாப்பிட்டதா என்பதை மெஷின் சொல்லட்டும். மெஷின் பக்கத்தில் நிற்கிற மனிதர் அதை எழுதுவாரா என்பதுதான் என் சந்தேகம்.

கட்டுரை எழுத உட்காரும் முன் தங்கய்யாவைப் போய்ப் பார்த்தேன். இடப்பள்ளியில் ஒரு பெரிய மாலின் கார் பார்க்கிங்கில் செக்யூரிட்டி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நீலச் சட்டை, வாயில் விசில். வண்டிகளைக் கோட்டுக்குள் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விசிலை எடுத்துவிட்டு, "மேடம்!" என்று ஓடி வந்தார். வேறொரு ஆளை நிற்கச் சொல்லிவிட்டு, ரோட்டோரத் தட்டுக்கடையில் எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

"எழுதுங்க மேடம். அந்தாளு பேரைப் பெருசாப் போட்டு எழுதுங்க. எம் பேரு மட்டும் வேண்டாம்."

"உங்களை நல்லவருன்னுதானே எழுதப் போறேன்."

"நீங்க நல்லாத்தான் எழுதுவீங்க. மூத்தவளை இங்கன ஆலுவாயில கட்டிக் குடுத்திருக்கேன். சம்பந்தி வீட்டுக்கு நான் உள்ள கெடந்ததே தெரியாது. சின்னவளோட பையன் காலேஜுக்குப் போறான், அவனுக்கும் தெரியாது. நான் குத்தம் பண்ணலைன்னு சொல்லணும்னா, என்ன குத்தம்னு மொதல்ல சொல்லணுமில்ல மேடம்?"

 அவரே என்னைச் சமாதானப்படுத்துவதுபோல், "நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, அது போதும்" என்று சொல்லி, காலி கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே போனார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன், அவர் வேலை பார்க்கும் இடத்தையும் மகள் இருக்கும் ஊரையும் மாற்றிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் டாக்டரின் பெயர் அவருடைய சொந்தப் பெயர். என் பெயரும் என் சொந்தப் பெயர்தான். ஒரு தவறும் செய்யாதவருக்கு மட்டும் தங்கய்யா என்று ஒரு பொய்ப்பெயர் வைக்க வேண்டியிருந்தது.